பேக் என்ற இரண்டு சொற்கள்

1

முசிறியில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்காரர், தானும் மலாயாவுக்கு வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கேள்வி. தோட்டத்தில் பிழைக்க எவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும்? அவருக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்தான். ஆனால் ஊரில் அவரைப் போல இன்னும் பலர் இதே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நீளமான சொல் ஒன்றும் வேண்டாம். இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரும் நீளமாகப் பேசுவதில்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்து, மிஞ்சினால் நான்கெழுத்து. கோ என்றால் போ. கம் என்றால் வா. ஆல்ட் என்றால் நில். கெட் என்றால் எடு. கன் என்றால் துப்பாக்கி, ரன் என்றால் ஓட்டம். கன் இருக்கும் இடத்தில் ரன் கூடாது. டின் என்றால் தகர டப்பா. கடைக்காரர் விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். மூடிய டப்பா, சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சர்க்கார் பயப்படுகிறது. ஓட்டை போட்டதை அன்றைக்கே தின்றாக வேண்டும்.

சொற்கள் சின்னவை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நம் எழுத்தில் எழுதினால் இரண்டு இங்கிலீஷ் சொல் ஒரே கூண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோட் என்றால் மேல்சட்டை, ஆடும் கோட்தான். கம் என்றால் வா, பசையும் கம்தான். பாஸ் என்றால் வெளியே போக அனுமதிச் சீட்டு, அதைக் கொடுக்கிற துரையும் பாஸ்தான். எங்கள் லாரி டிரைவர் பாவாடை அண்ணன் இதை வைத்து ஒரு வேடிக்கை பண்ணுவார். "பாஸ் இல்லாம பாஸ் கிட்ட போயி பாஸ் கேக்க முடியாது லா, தெரியுமா?" என்று, இந்த நாட்டுப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அர்த்தமில்லாத லா-வையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தானே சிரிப்பார்.

நானும் சிரித்தேன். அது பேக் என்ற சொல்லுக்கு முன்னால்.

2

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. முசிறியில் முதல் பாரம் வரை போனேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லையா, நான் அதைத் தாங்கவில்லையா என்று இன்றைக்கும் தெளிவில்லை. திருச்சி ரயிலடியில் டீ விற்றேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பினாங்கில் இறங்கி, கிள்ளானில் மூட்டை தூக்கி, கெமாஸில் ரயில் பாதைக்குக் கல் அடித்தேன். சண்டைக் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்தேன். ஓர் இடத்தில் இரண்டு தீபாவளி பார்த்தால் கால் அரிக்கும். இப்போது தம்பினிலிருந்து கெமாஸ் போகும் ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லாரியில் கூட ஏறிப் போகும் வேலை. காய்ந்த ரப்பர் ஷீட்டைக் கட்டிப் புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வருவோம். கால் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அடையாளக் கார்டு, பாஸ், ஊரடங்கு என்று மூன்று கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒரு மனைவியும் மகளும் இருக்கிறார்கள் என்பது நான்காவது கயிறு. அதை நானே கட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொற்களைக் குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கரும்பலகையின் இடது பக்கம் பி ஏ ஜி, ஆர் ஏ ஜி, டி ஏ ஜி. வலது பக்கம் பி ஏ சி கே, பி ஏ சி கே-யின் தம்பிகள். முதல் குடும்பத்தைப் பாடுவோம்: பேக், ரேக், டேக். அடுத்த குடும்பத்தையும் அதே ராகத்தில் பாடுவோம்: பேக், ரேக், டேக். சார் பிரம்பால் பலகையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டுவாரே தவிர, இரண்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு என்று சொன்னதில்லை. அவர் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. சிலேட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தோம். ஒரு பேக்குக்கு நேரே 'பை', இன்னொரு பேக்குக்கு நேரே 'முதுகு, பின்பக்கம்'. பரீட்சையில் எது கேட்டாலும் 'பை' என்று எழுதுவேன். பாதி நாள் சரியாக இருக்கும்.

3

இங்கே எங்கள் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். லயம் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை, ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வேலிக்கு ஒரே வாசல். விடிந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது ஒரு சோதனை, மதியம் திரும்பும்போது ஒரு சோதனை. ஒரு கவளம் சோறு வெளியே போகக் கூடாது. போனால் அது காட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்று கணக்கு.

எங்களுக்குக் காட்டுக்காரர்களிடமும் பயம். மரவரிசையின் கடைசியில் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆள் எழுந்து வந்து, "அரிசி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நிற்பான். கொடுத்தால் இவர்கள் பிடிப்பார்கள், இல்லை என்றால் அவர்கள் மரத்தில் கட்டுவார்கள். அதனால் பெண்கள் இப்போது பாட்டுப் பாடி வெட்டுவதில்லை. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருமினால்கூட முந்தானைக்குள் இருமுகிறார்கள்.

வாசலில் ரொம்ப நாளாக நின்றவர் சாலே என்ற மலாய்க் கான்ஸ்டபிள். ரெம்பாவ் பக்கத்துக்காரர், சாந்தமான மனிதர், அதிகம் பேச மாட்டார். ஒவ்வொருவராக வரும்போது கையை நீட்டி, "பேக்" என்பார். எங்கள் ஆட்கள் தோளில் மாட்டிய துணிப் பையை முன்னால் இழுத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள். சாணைக்கல், துடைக்கிற துணி, ஒட்டுப்பால் உருண்டை, பால் வெட்டும் கத்தி. கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரக்கூடாது, பைக்குள்தான் வைக்க வேண்டும் என்பது தோட்டத்து உத்தரவு. சாலே அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். போகலாம்.

தினமும் இரண்டு வேளை இது நடந்ததால், லயத்தில் எழுத்தே தெரியாதவர்களுக்கும் ஓர் இங்கிலீஷ் சொல் நன்றாகத் தெரிந்தது. பேக் என்றால் பையைக் காட்டு. பிள்ளைகளும் இதையே விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் செல்வி, ஆறு வயது, கக்கூஸ் பக்கத்துப் பைப்படியில், அதாவது தண்ணீர்க் குழாயடியில், ஒரு குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு மற்ற குழந்தைகளை மறிப்பாள். "ஆல்ட்! கெட் பேக்!" என்பாள். கெட் என்றால் எடு, பேக் என்றால் பை, பையை எடு என்று அர்த்தமாம். "அப்பா, நீங்களும் பேக் காட்டணும் லா, இல்லாட்டி சுடுவேன்" என்று என்னையும் மறிப்பாள். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

4

அன்றைக்குத் தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் ஏதோ கூட்டமென்று சிரம்பானுக்குப் போயிருந்தார்கள். நானும் பாவாடை அண்ணனும் ரயில் நிலையத்தில் சரக்கை இறக்கிவிட்டு மதியம் திரும்பினோம். தூரத்தில் வரும்போதே வாசல் வேறு மாதிரி இருந்தது. பச்சை லாரி ஒன்று குறுக்கே நின்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பால் மணம் மாறாத முகங்கள், வெயிலில் சிவந்து போய் நின்றார்கள். சாலேயை வாசல் கட்டையைத் தூக்குகிற வேலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். பால்வெட்டுப் பெண்கள் எல்லாரும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் செம்மண்ணில், தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். அவளுடைய துணிப் பை எட்டிக் கிடந்தது. பால் வெட்டும் கத்தி அதைவிட எட்டிக் கிடந்தது. அவள் முதுகுக்கு நேரே ஒரு சிப்பாய் துப்பாக்கி பிடித்திருந்தான்.

முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பையை மாவு மூட்டைத் துணியில் தைத்தது நான். என் மனைவி தெய்வானை.

"எறங்காத டா" என்றார் பாவாடை அண்ணன். "துரை வரட்டும்."

"துரை சாயங்காலம்தானே அண்ணே வருவாரு."

"அதுக்குத்தான் சொல்றேன், எறங்காத."

இறங்கினேன். கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். லாரிக் கதவை மூடவில்லை, அந்தச் சத்தம்கூட வேண்டாம் என்று தோன்றியது. இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்த ஓர் இளம் அதிகாரி என்னை நோக்கி வந்து கேள்வி கேட்டார். என் வாயில் வந்த இங்கிலீஷ் இதுதான்: "சார். மை வைஃப்."

அவர் சொன்னதில் பாதி புரிந்தது. உன் மனைவி கத்தி எடுத்தாள். என் ஆள் சுட்டிருப்பான், சுடாதது அவள் அதிர்ஷ்டம். தம்பினிலிருந்து போலீஸ் வண்டி வருகிறது.

போலீஸ் வண்டி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்து வேலு என்பவர் அப்படித்தான் ஏறிப்போனார். அடைத்து வைத்தார்கள், பிறகு கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்காவது அங்கே அண்ணன் தம்பி இருந்தார்கள். தெய்வானை கெமாஸில் பிறந்தவள். இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளை உங்களிடம் அனுப்பினால், இதைப் படிக்கிற உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்கும் உங்கள் யாரையும் தெரியாது. செல்வி இங்கே இருப்பாள்.

"என்ன பண்ணின தெய்வான?" என்று கேட்டேன்.

திரும்பாமல் சொன்னாள். "நான் என்னாங்க பண்ணேன்? அவன்தானே கெட் பேக்குன்னு கத்துனான். பைய எடுன்னுதானே சொன்னான்? தெனமும் காட்டுறதத்தான் காட்டுனேன். கத்தி மேலாப்பல இருந்துச்சு, மொதல்ல அது வந்துடுச்சு. அதுக்குப் போயி... கை வலிக்குதுங்க. கீழ எறக்கலாமான்னு கேளுங்க."

"எறக்காத."

அதிகாரியிடம் திரும்பினேன். "சார், சோல்ஜர் சே பேக். ஷி கிவ் பேக்."

"யெஸ். ஹி செட் பேக்" என்றார் அவர்.

"யெஸ் சார். பேக். ஷி ஓபன் பேக்."

"நாட் பேக். பேக்!"

"யெஸ் சார், பேக்."

அவருக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. நான் கேலி பண்ணுவதாக நினைத்தார். இரண்டு உள்ளங்கையாலும் காற்றை என் பக்கம் தள்ளி, "பேக்! பேக்!" என்று கத்தினார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. பின்னால் போ. பலகையின் வலது பக்கம். பி ஏ சி கே.

சிப்பாய் பின்னால் போகச் சொல்லியிருக்கிறான். இவள் பைக்குள் கையை விட்டிருக்கிறாள். அவன் இன்னும் பலமாக, பின்னால் போ என்று கத்தியிருக்கிறான். இவள் இன்னும் அவசரமாகக் கத்தியை வெளியே எடுத்திருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், ஒரு ரப்பர்க் குச்சியை எடுத்துச் செம்மண்ணில் எழுத ஆரம்பித்தேன். முதலில் இங்கிலீஷில் பி ஏ ஜி. அதன் கீழே தமிழில் 'பேக்'. பக்கத்தில் பி ஏ சி கே. அதன் கீழும் 'பேக்'. கீழே இருந்த இரண்டையும் குச்சியால் தொட்டுக் காட்டினேன். "சார், சேம். டமில், சேம். இயர், சேம்." காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே கோலம் என்று தமிழ் தெரியாதவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் முட்டாள் இல்லை. எழுதியது நீ, அவளுடைய புருஷன், நீ என்ன வேண்டுமானாலும் எழுதுவாய் என்றார். பிறகு தெய்வானையைக் காட்டி, "கேன் ஷி ரைட்?" என்று கேட்டார்.

எழுதுவாள். கெமாஸில் தமிழ்ப் பள்ளியில் நான்கு வகுப்பு படித்தவள். தலையாட்டினேன்.

"யூ. நோ டாக்" என்றார் என்னிடம். என் எழுத்தைப் பூட்ஸ் காலால் அழித்தார். குச்சியை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

5



அவள் தலையிலிருந்து கையை இறக்கிக் குச்சியை வாங்கினாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லக் கூடாது. அதிகாரி அவள் முன்னால் குத்துக்காலிட்டு, ஒரு சொல்லைச் சொல்லி, தரையைக் காட்டி எழுது என்று சைகை செய்தார். சொன்னது பி ஏ ஜி-யா, பி ஏ சி கே-யா என்று எனக்கே பிடிபடவில்லை. பேக் என்றுதான் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எழுதினாள். 'பேக்.' பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சுழித்து, புள்ளியை மறக்காமல் வைத்து.

அவர் இரண்டாவது சொல்லைச் சொன்னார். எனக்கு அதுவும் பேக் என்றுதான் கேட்டது. அதே நான்கு கோடு திரும்ப விழுந்தால் போதும். அவள் எழுதவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். தெய்வானை கெட்டிக்காரி. ஒரே கேள்வியை ஒருத்தன் இரண்டு தடவை கேட்கிறான் என்றால், முதல் பதிலில் அவனுக்குத் திருப்தி இல்லை என்று நினைக்கிறவள். ஒண்ணுதான், அதையே எழுது என்று தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

அவள் குனிந்து எழுதினாள். 'பை.'

அர்த்தம் கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள். பேக் என்றாய், எழுதினேன். மறுபடி பேக் என்கிறாய், அப்படியானால் அர்த்தத்தைக் கேட்கிறாய், இதோ அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

அதிகாரி இரண்டையும் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டும் ஒரே கோலம் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், புருஷன் பொய் சொன்னான் என்பது எழுதியிருந்தது. அவர் எழுந்து ரோட்டுப் பக்கம் நடந்தார். ரோட்டில் போலீஸ் வண்டியின் இரைச்சல் கேட்டது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழ ஆரம்பித்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"சார், மீனிங்! மீனிங் சார்!" என்று கத்தினேன். ஒரு துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

தெய்வானைக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. எழுத்து விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தான் எழுதியதைக் குச்சியால் தொட்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சத்தமாக வாசித்தாள். "பை." அவர் திரும்பிப் பார்க்காமல் போகவே மறுபடியும் வாசித்தாள். "பை, துரை. பை."

அதிகாரி நின்றார். என்னிடம் கேட்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சாலேயைக் கூப்பிட்டார். "யூ. வாட் இஸ் பை?"

சாலே கேட்காமல் பேசுகிறவர் இல்லை. அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் பெண்களிடம் தினமும் இரண்டு வேளை பேக், பேக் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இருங்க அபாங், பைய காட்டுறேன்", "பை கிழிஞ்சுருக்கு அபாங், கைய விடாதீங்க" என்று அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபாங் என்றால் மலாயில் அண்ணன், துவான் என்றால் துரை. சொல் இரண்டு பக்கமும் போயிருந்தது.

"பேக், துவான்" என்றார் சாலே.

என் உயிர் போனது. அவர் வாயிலும் அது பேக் என்றுதான் வந்தது. எந்தப் பேக் என்று வெள்ளைக்காரக் காது எப்படிக் கண்டுபிடிக்கும்? அதிகாரியின் முகமும் சுருங்கியது. "விச்?" என்றார்.

சாலே தன் தோளில் தொங்கிய சாக்குப் பையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அதைத் திறக்காமல், கையை உள்ளே விடாமல், வெளியே தட்டினார். பிறகு கையை நன்றாக விலக்கிக்கொண்டார். அவருக்கும் பயம்தான்.

அதிகாரி தரையில் இருந்த இரண்டாவது எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போ என்று இவர் சொல்ல, பை என்று அவள் எழுதியிருந்தாள். அதை வாசித்தது அவள், அர்த்தம் சொன்னது சாலே. புருஷன் நடுவில் இல்லை.

போலீஸ் வண்டி வந்து நின்றது. அவர் நடந்து போய் அதில் இருந்தவர்களிடம் ஏதோ பேசினார். வண்டி திரும்புவதற்கு இடம் போதாமல் முன்னும் பின்னும் போய் வந்தது. அது போவதற்குள் தெய்வானை மறுபடியும் கையைத் தலைக்குக் கொண்டுபோய்விட்டாள். யாரும் சொல்லவில்லை. தானாகவே வைத்துக்கொண்டாள்.

பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கத்தியைக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வேறு கத்தி வாங்க வேண்டியிருந்தது. லயத்துக்குள் நடக்கும்போது, "என்னாங்க, நான் தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் எழுதின."

"பின்ன ஏங்க அப்படி மொறச்சான்?"

சொல்லிப் புரியவைக்க அன்றைக்கு என்னால் முடியவில்லை. செல்வி குச்சியுடன் பைப்படியில் நின்றாள். "ஆல்ட்" என்றாள். தெய்வானை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். குச்சியை நான்தான் பிடுங்கினேன். குழந்தை அழுதது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

மறுநாள் முதல் வாசலில் புதுச் சட்டம். பையைத் திறந்து காட்டக் கூடாது, உள்ளே கை போகவே கூடாது. பையைத் தரையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று, இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். சாலே வந்து பிரித்துப் பார்ப்பார். எந்தச் சொல்லைச் சொன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அந்த அதிகாரி ஒரு முடிவெடுத்திருந்தார். பேக் என்ற சொல்லே வேண்டாம், தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று. சிப்பாய்கள் எல்லாரும் 'பை' படித்தார்கள். அவர்கள் வாயில் அது கொஞ்சம் அமுங்கி, கொஞ்சம் இழுத்து வந்தது. ஆனால் விளங்கியது.

பின்னால் போ என்பதற்குப் பாவாடை அண்ணன் யோசனை சொன்னார். லாரியைப் பின்னால் எடுப்பதற்கு இந்த நாட்டில் எல்லாரும் கோஸ்தான் என்பார்கள். கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொல்லாம். வெள்ளைக்காரனுக்கும் தெரிந்தது, மலாய்க்காரனுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. அதனால் சிப்பாய்கள் எங்கள் பெண்களைப் பார்த்து, "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

"நம்மள லாரியாவே ஆக்கிப்புட்டானுங்க லா" என்றாள் ஒருத்தி. "ஆரன் மட்டுந்தான் அடிக்கல" என்றாள் இன்னொருத்தி. வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் சொன்னார்கள், அதுவும் மெதுவாக. தெய்வானை சிரிக்கவில்லை. இரவில் கை வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். வலி இருந்திருக்க நியாயமில்லை.

அந்தப் படை ரொம்ப நாள் இருக்கவில்லை. பகாங் பக்கம் அனுப்புவதாகப் பேச்சு வந்தது. ஒரு மதியம், பெண்கள் வேலை முடிந்து வாசலுக்கு வந்துகொண்டிருக்கும்போது, பச்சை லாரி மூட்டை முடிச்சுகளோடு வெளியே கிளம்பியது. எங்கள் லாரி அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. சிப்பாய்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போகிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்ததுதான். தெய்வானையைச் சுடாமல் விட்டவனும் அதில் இருந்தான். பெண்கள் வரிசையைப் பார்த்ததும் அவர்களுக்குச் சும்மா போக மனம் வரவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று கையை ஆட்டி, அவர்கள் ஊர் வழக்கப்படி விடை சொன்னார்கள்.

"பை! பை!"

விடைபெறுவதற்கு அவர்கள் சொல்கிற சொல்லும் அதுதான். பி ஒய் இ. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.

பெண்கள் அத்தனை பேரும் நடந்த இடத்தில் நின்றார்கள். தோளிலிருந்து பைகள் கழன்று தரைக்கு வந்தன. ஓரடி தள்ளி நின்று, இரண்டு கையையும் மேலே உயர்த்தினார்கள். தெய்வானை முதலாவதாக நின்றாள். அவள் கைதான் எல்லாரையும்விட உயரத்தில் இருந்தது.

சிப்பாய்களுக்கு ரொம்ப சந்தோஷம். எல்லாரும் கை தூக்கி வழியனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாகக் கையாட்டினார்கள். பை, பை என்று கத்திக்கொண்டே போனார்கள். லாரி ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, புழுதி அடங்கும் வரை ஒருத்தியும் கையை இறக்கவில்லை.

எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். இருந்தும், பாவாடை அண்ணன் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தபோதுதான், நானும் தூக்கியிருந்தேன் என்று தெரிந்தது.